சின்ன மிக்சரில் பேண்டுக்கும் மேடைக்கும் ஒலி: ஒரு மானிட்டர் மட்டும் ஏன் கத்துகிறது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். ஐந்து பேர் கொண்ட பேண்ட். ஒரு பாடகி, பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவர் ஒருவர், கீபோர்டு, பேஸ், ட்ரம்ஸ். 12 சேனல் என்று போட்ட சின்ன அனலாக் மிக்சர். கேட்பவர்கள் பக்கம் இரண்டு ஸ்பீக்கர், மேடைத் தரையில் சாய்த்து வைத்த இரண்டு பவர்டு மானிட்டர் (மேடையில் இருப்பவர்கள் தங்களைக் கேட்பதற்கான, ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்). ஒன்று ஆக்ஸ் 1-இல், இன்னொன்று ஆக்ஸ் 2-இல் (ஆக்ஸ் என்பது மெயின் கலவையிலிருந்து வேறாக ஒரு கலவையை வெளியே அனுப்பும் வழி). பாடுபவர்கள் இருவருக்கும் தங்கள் குரல் கேட்கவில்லை, கூட்டினால் ஃபீட்பேக் (மானிட்டர் ஒலி திரும்ப மைக்குக்குள் போய்ச் சுழன்று கத்துவது). அதிலும் குரலின் ஃபேடரை, அதாவது அந்தச் சேனலின் சத்தத்தை மாற்றும் நகர் பட்டனை, ஏற்றும்போதெல்லாம் ஆக்ஸ் 2 மானிட்டர்தான் முதலில் கத்துகிறது. "பெரிய மிக்சர் வாங்கினால் சரியாகுமா?" என்று முடித்திருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது இரண்டு வேறு கேள்விகள். இந்த மிக்சரிலிருந்து மேடைக்கென்று தனிக் கலவையை எடுக்க முடியுமா என்பது ஒன்று. அந்த மானிட்டரை ஃபீட்பேக் வராமல் எவ்வளவு சத்தம் வரை ஏற்றலாம் என்பது இரண்டு. முதலாவது மிக்சரைப் பொறுத்தது. இரண்டாவதுக்கும் மிக்சரின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை; மைக், மானிட்டர், மேடைச் சத்தம் இவை மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கும். பெரிய மிக்சர் வாங்கி இதே இடத்தில் இதே மாதிரி வைத்தால் இதே சத்தத்தில்தான் கத்தும்.

ஆக்ஸ் 2 ஏன் முதலில் கத்துகிறது என்பதற்கான விடை உங்கள் வர்ணனையிலேயே இருக்கிறது. ஆக்ஸ் அனுப்புதல் இரண்டு வகை. ப்ரீ ஃபேடர் என்றால் ஃபேடருக்கு முன்னாலேயே ஒலியைப் பிரித்து அனுப்பும். ஃபேடரை ஏற்றினாலும் இறக்கினாலும் மானிட்டரில் மாற்றம் இருக்காது. போஸ்ட் ஃபேடர் என்றால் ஃபேடருக்குப் பின்னால் எடுக்கும். ஃபேடர் 5 டெசிபல் ஏறினால் அந்த ஆக்ஸும் 5 டெசிபல் ஏறும். எக்கோ, ரிவர்ப் போன்றவற்றுக்குப் போஸ்ட்தான் பொருத்தம். மானிட்டருக்கு ப்ரீ மட்டுமே சரி. சின்ன மிக்சர்கள் பலவற்றில் ஆக்ஸ் 1 ப்ரீயாகவும், ஆக்ஸ் 2 அல்லது எஃப்எக்ஸ் என்று எழுதியது போஸ்ட்டாகவும் இருக்கும். உங்களுடையதும் அப்படித்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஊகத்தில் விட வேண்டாம், சோதிக்க அரை நிமிடம் போதும். ஒரு குரல் சேனலின் ஃபேடரை முழுக்க இறக்குங்கள், ம்யூட்டை அழுத்த வேண்டாம். மைக்கில் பேசுங்கள். குரல் எந்த மானிட்டரில் தொடர்ந்து வருகிறதோ அது ப்ரீ, எதில் அடங்கிப் போகிறதோ அது போஸ்ட். மேனுவலின் கடைசிப் பக்கங்களில் உள்ள பிளாக் டயகிராமிலும் இது வரைந்திருக்கும்.

ஆக்ஸ் 2 பக்கத்தில் ப்ரீ/போஸ்ட் சுவிட்ச் இருந்தால் அதை அழுத்தினால் இந்தப் பிரச்சினையின் பாதி முடிந்தது. ஆனால் ஒரு பக்கவிளைவைக் கவனியுங்கள். உள்ளேயே எஃபெக்ட் வசதி உள்ள மிக்சர்களில் பல சமயம் அதே குமிழ்தான் ரிவர்புக்கும் ஒலியை அனுப்புகிறது. அதை ப்ரீ ஆக்கிவிட்டால், குரல் ஃபேடரை மூடிய பிறகும் ரிவர்ப் மட்டும் தனியாக ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த மாதிரி மிக்சரில் ரிவர்ப், இரண்டாவது மானிட்டர் கலவை இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். சுவிட்சே இல்லையென்றால் என் யோசனை இது: இரண்டு மானிட்டர்களையும் ஆக்ஸ் 1-க்கே மாற்றுங்கள். மிக்சரிலிருந்து முதல் மானிட்டருக்கு ஒரு கேபிள், அதன் பின்னால் லிங்க் அல்லது த்ரூ என்று எழுதிய எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள மைக் இணைப்பு) துளையிலிருந்து அடுத்த மானிட்டருக்கு இன்னொரு கேபிள். இருவருக்கும் ஒரே கலவைதான் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு மானிட்டரின் பின்னாலும் வால்யூம் இருப்பதால் சத்தத்தைத் தனித்தனியாக வைக்கலாம். பாடுபவர்கள் இருவர்தான் என்பதால் இது தாராளமாகப் போதும். தன்பாட்டுக்கு ஏறி இறங்கும் இரண்டு கலவைகளைவிட, அசையாத ஒரே கலவையை வைத்துப் பாடுவது எளிது.

கூடுதலாக ஒரு மானிட்டர் அவுட்புட் வேண்டும் என்று கண்ட்ரோல் ரூம் அவுட்டையோ ஹெட்ஃபோன் அவுட்டையோ எடுப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். அதில் வருவது மெயின் கலவையின் நகல்தான். அதைவிட மோசம், கெயின் (மைக் ஒலியை மிக்சர் உள்ளே வாங்கும்போதே பெருக்கும் அளவு) பார்ப்பதற்காக யாராவது ஒரு சேனலின் பிஎஃப்எல் பட்டனை (ஃபேடருக்கு முன்னால் அந்தச் சேனலை மட்டும் தனியாகக் கேட்பதற்கானது) அழுத்தினால், அந்தச் சேனல் மட்டும் முழுச் சத்தத்தோடு மேடைக்குப் போய்விடும். குரூப் 1-2, ஆல்ட் 3-4 போன்ற கூடுதல் வெளியீடுகளும் பொதுவாக ஃபேடருக்குப் பின்னால்தான் எடுக்கப்படுகின்றன. அவை ரெக்கார்டிங்குக்குப் பயன்படும், பாடகருக்கு உதவாது.

அடுத்து, 12 சேனல் என்ற எண். இந்த வகை மிக்சர்களில் அது மொத்த உள்ளீடுகளின் எண்ணிக்கை. மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதி) எத்தனை என்பது வேறு. எடுத்துக்காட்டாக யமஹா எம்ஜி10எக்ஸ்யூவில் 10 உள்ளீடுகள், அதில் மைக்குக்கு 4. எம்ஜி12எக்ஸ்யூவில் 12, மைக்குக்கு 6. ஆகவே உங்களுடையதில் எக்ஸ்எல்ஆர் துளைகளை எண்ணிப் பாருங்கள், நிஜக் கணக்கு அதுதான். உங்கள் பேண்டுக்கு இரண்டு குரல், கிட்டார் ஆம்ப் முன்னால் ஒரு மைக், பேஸுக்கு ஒரு டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மைக் கேபிளில் போகும்படி மாற்றும் பெட்டி), கிக் ட்ரம்முக்கு ஒரு மைக் என ஐந்து எக்ஸ்எல்ஆர் போதும். கீபோர்டை ஸ்டீரியோ லைன் சேனலில் செருகலாம். ஒரே கேபிள் என்றால் லெஃப்ட்/மோனோ என்று எழுதிய ஜாக்கில். ஆறு மைக் உள்ளீடு இருந்தால் ஒன்று மிச்சமாகும், அதை ட்ரம்ஸுக்கு மேலே ஓவர்ஹெட்டாக வைக்கலாம். நாலு மட்டும் என்றால், சின்ன அறையில் கிக் மைக்கையும் கிட்டார் மைக்கையும் விட்டுவிடலாம். அவை நேரடியாகவே கேட்கும். வயர்லெஸ் மைக் இருந்தால் அதன் ரிசீவரில் உள்ள ஜாக் அவுட்டை எடுத்து ஸ்டீரியோ சேனலின் லெஃப்ட்/மோனோவில் செருகி ஒரு எக்ஸ்எல்ஆரை மிச்சப்படுத்தலாம். ஆனால் பல மிக்சர்களில் ஸ்டீரியோ சேனலில் லோ கட் (அடி ஸ்தாயி ஒலியை வெட்டும் பட்டன்) இருக்காது, கெயின் குமிழும் இருக்காது. அளவை ரிசீவரிலேயே சரிசெய்ய வேண்டியிருக்கும்.

கேபிள் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பேஸ், அகூஸ்டிக் கிட்டார் பிக்கப் போன்றவற்றை நீளமான சாதாரண ஜாக் கேபிளில் மிக்சர் வரை இழுக்காதீர்கள். ஐந்தாறு மீட்டரைத் தாண்டினால் இரைச்சல் ஏறும், ட்ரெபிள் மங்கும். அருகிலேயே டிஐ பாக்ஸ் வைத்து அங்கிருந்து எக்ஸ்எல்ஆரில் கொண்டுவாருங்கள். கீபோர்டுக்கு மின்சாரம் தேவைப்படாத பாசிவ் டிஐ போதும். பியசோ பிக்கப் உள்ள அகூஸ்டிக் கிட்டாருக்கு மின்சாரத்தில் இயங்கும் ஆக்டிவ் டிஐதான் வேண்டும், ஏனென்றால் அந்தப் பிக்கப்புக்கு ஒரு மெகாஓம் அளவுக்காவது உள்ளீட்டு இம்பிடன்ஸ் இல்லாவிட்டால் ஒலி மெலிந்து தகரம் தட்டுவதுபோல் ஆகிவிடும். 48 வோல்ட் ஃபாண்டம், அதாவது மைக் கேபிள் வழியாக மிக்சர் கொடுக்கும் மின்சாரம், சின்ன மிக்சர்களில் எல்லா மைக் சேனலுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். சரியான எக்ஸ்எல்ஆர் கேபிளில் செருகிய சாதாரண டைனமிக் மைக்குகளை அது ஒன்றும் செய்யாது. ஆனால் அதைப் போடும்போதும் எடுக்கும்போதும் பெரிய டப் சத்தம் வரும். ஆகவே மெயின், ஆக்ஸ் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போடுங்கள், பத்து விநாடி பொறுத்து ஏற்றுங்கள். மிக்சரிலிருந்து மானிட்டருக்குப் போகும் கேபிள் மூன்று கம்பி உள்ள டிஆர்எஸ் ஜாக்கிலிருந்து எக்ஸ்எல்ஆருக்குப் போவதாக இருக்கட்டும். கிட்டார் கேபிளைச் செருகினாலும் சத்தம் வரும், கூடவே ஹம் என்ற மின் இரைச்சலும் வரும்.

இப்போது கெயின். சின்ன மிக்சரில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. சேனல் ஃபேடர் மூடியிருக்க, பிஎஃப்எல்லை அழுத்தி, பாடகி பாட்டின் மிக உரத்த வரியைப் பாடும்போது மீட்டர் 0 பக்கம் நிற்கும்படி, உச்சங்களில் அதற்கு மேல் ஒன்றிரண்டு விளக்குகள் மட்டும் எட்டிப் பார்க்கும்படி கெயினைத் திருகுங்கள். "ஹலோ, ஒன் டூ" என்று பேசுவதை வைத்து கெயின் போட்டால் பாடும்போது, ஒலி உடைகிறது என்று காட்டும் கிளிப் விளக்கு எரியும். பேசும் குரலுக்கும் பாடும் குரலுக்கும் அவ்வளவு வித்தியாசம் உண்டு. பிஎஃப்எல் இல்லாத மிக்சரில் சேனல் ஃபேடரையும் மெயின் ஃபேடரையும் 0-வில் வைத்து மெயின் மீட்டரைப் பார்த்து இதையே செய்யலாம், ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டு. எல்லாச் சேனலுக்கும் இப்படி கெயின் போட்டபின், ஸ்பீக்கரின் பின்னாலிருக்கும் வால்யூமை வைத்து அரங்கத்தின் மொத்தச் சத்தத்தைத் தீர்மானியுங்கள். அப்போதுதான் ஃபேடர்கள் 0-வின் அருகே உட்காரும். அங்கே விரலை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் சில டெசிபல் மாறும். ஃபேடர் அடியில் கிடந்தால் அதே ஒரு சென்டிமீட்டர் இருபது டெசிபலுக்கு மேல் மாற்றிவிடும். நுணுக்கமாகச் சரிசெய்யவே முடியாது.

கெயின் ஒருமுறை போட்டபின் நிகழ்ச்சி முடியும்வரை அதைத் தொடக் கூடாது. ப்ரீ ஃபேடர் என்பது ஃபேடருக்கு முன்னால் என்று மட்டுமே பொருள், கெயினுக்கு முன்னால் என்று அல்ல. அரங்கத்தில் குரல் குறைவாக இருக்கிறது என்று கெயினைத் தூக்கினால் இரண்டு மானிட்டரும் சேர்ந்து தூக்கும், உடனே கத்தும். இதேபோல், பெரும்பாலான சின்ன மிக்சர்களில் ஆக்ஸ், ஈக்யூவுக்கு (ஹை, மிட், லோ குமிழ்களுக்கு) பின்னால்தான் எடுக்கப்படுகிறது. குரல் இன்னும் பளிச்சென்று வேண்டும் என்று ஹை குமிழைக் கூட்டினால் மானிட்டரிலும் ஹை கூடும். ஒரே குமிழில் கம்ப்ரெஸர் இருந்தால் அதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். உரத்த இடங்களை அழுத்திவிட்டு மொத்தத்தையும் தூக்கிக் கொடுப்பது அதன் வேலை. பாடகி மூச்சு வாங்கும் இடைவெளியில் அழுத்தம் விடுபட்டதும் அந்தத் தூக்கல் முழுதும் மைக்குக்குக் கிடைக்கும். சேனல் அமைதியாக இருக்கும்போது மட்டும் ஃபீட்பேக் வந்தால், முதலில் இந்தக் குமிழைத்தான் பார்க்க வேண்டும். தரை மானிட்டர் வைத்துப் பாடும் குரலுக்குக் கால்வாசிக்கு மேல் அதைத் திருப்பாமல் இருப்பது நல்லது. லோ கட் பட்டனை மட்டும் இரண்டு குரலுக்கும் கிட்டாருக்கும் யோசிக்காமல் அழுத்திவிடுங்கள். 75-இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரைக்குள் ஏதாவது ஓரிடத்தில் அது வெட்டும். பாடகியின் குரலில் அதற்குக் கீழே எதுவும் இல்லை. அங்கே இருப்பதெல்லாம் ஸ்டாண்டைத் தட்டும் ஒலி, மூச்சுக் காற்று, பேஸ் ஆம்பின் கசிவு. கிக், பேஸ், கீபோர்டு மூன்றுக்கும் அது வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: எவ்வளவு சத்தம் வரை ஏற்றலாம்? இங்கே மைக்கும் மானிட்டரும் ஒன்றையொன்று பார்க்கும் கோணம்தான் முக்கியம். ஷ்யூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக் தன் வால் பக்கம், அதாவது கேபிள் செருகும் பக்கம் வரும் ஒலியை மிகக் குறைவாக எடுக்கும். ஆகவே மானிட்டரைப் பாடுபவரின் நேர் எதிரே வைத்து, மைக்கின் வால் மானிட்டரை நோக்கிச் சாயும்படி ஸ்டாண்டைத் திருப்ப வேண்டும். பீட்டா 58ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டு மைக் வேறு. அதன் நேர் பின்பக்கம் கொஞ்சம் காது திறந்திருக்கும். முழுச் செவிட்டுப் பகுதி முன்பக்கத்திலிருந்து ஏறக்குறைய 125 டிகிரியில், பக்கவாட்டாகப் பின்னால் இருக்கிறது. அந்த மைக்கின் வாலை நேராக மானிட்டருக்குக் காட்டினால் சீக்கிரம் கத்தும். மைக்கைத் தரைக்கு இணையாக வைத்து, மானிட்டரை ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் எதிரே தரையில் வைத்தால் ஏறக்குறைய அந்தக் கோணம் தானாகவே அமையும். உங்கள் இரண்டு மைக்கும் ஒரே வகையா என்று பாருங்கள். வெவ்வேறு வகை என்றால் இரண்டு மானிட்டரையும் ஒரே மாதிரி வைப்பது தப்பு.

மானிட்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை இப்படிச் சரிபார்க்கலாம். பாடுபவர் நிற்கும் இடத்தில் நின்று குனிந்து பாருங்கள். மானிட்டரின் ட்ரெபிள் ஹார்ன் உங்கள் முகத்தை நேராகப் பார்க்க வேண்டும். காலுக்கு ஒட்டினாற்போல் வைத்தால் அது முட்டியை நோக்கித்தான் பாடும். பாடகிக்குக் கேட்காது, சத்தத்தை ஏற்றச் சொல்வார், ஏற்றினால் கத்தும். பல மேடைகளில் கேட்கவில்லை என்ற புகார், மானிட்டரைப் பாடுபவரிடமிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்ததுமே தீர்ந்துவிடும். தரையில் வைத்த ஸ்பீக்கரில் பேஸ் இயல்பாகவே உப்பும் என்பதால், அதன் பின்னால் மானிட்டர் என்றோ லோ கட் என்றோ சுவிட்ச் இருந்தால் போட்டுவிடுங்கள். அரங்கத்துக்கான இரண்டு ஸ்பீக்கரும் மைக்குகளுக்கு முன்னால், கேட்பவர்களை நோக்கி இருக்க வேண்டும். இடம் குறுகல் என்று மைக்குக்குப் பின்னால் வைத்தால் மற்ற எதைச் செய்தும் பயன் குறைவு.

உதட்டுக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இன்னொரு பெரிய கணக்கு. தூரம் பாதியானால் மைக்குக்குக் கிடைக்கும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். 8 சென்டிமீட்டரிலிருந்து 2 சென்டிமீட்டருக்கு வந்தால் அது 12 டெசிபல். எந்த மிக்சரும், எந்தக் கருவியும் ஃபீட்பேக் இல்லாமல் அந்த 12 டெசிபலை உங்களுக்குத் தராது. பாடுபவர்தான் தர முடியும். அவ்வளவு நெருங்கிப் பாடினால் பேஸ் கொஞ்சம் தடிக்கும், அதற்கு லோ குமிழை இரண்டு மூன்று டெசிபல் குறைத்தால் சரியாகிவிடும். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். பொத்தியதும் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, மைக் எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்காக மாறிவிடுகிறது. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஃபீட்பேக்குக்கு முன் கிடைக்கும் சத்தத்தில் 3 டெசிபல் போய்விடும். பயன்படாத மைக்கை ம்யூட் செய்வதால் கிடைக்கும் லாபம் அதுதான்.

இதெல்லாம் ஆனபிறகுதான் ஈக்யூவால் ஃபீட்பேக்கை வெட்டும் வேலை. பாடுபவர் மைக் முன்னால் நிற்கட்டும். ஆள் இல்லாமல் செய்தால் முடிவு மாறும், ஏனென்றால் முகமும் தொப்பியும்கூட மானிட்டர் ஒலியை மைக்குக்குள் திருப்பி அனுப்பும். அரங்க ஸ்பீக்கர்கள் நிகழ்ச்சியில் இருக்கும் சத்தத்தில் இருக்கட்டும். பாடகி ஒவ்வொரு சொல்லாகப் பேசட்டும், நீங்கள் அந்தச் சேனலின் ஆக்ஸ் குமிழை மெல்ல மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் சொல் முடிந்த பிறகும் அதன் வால் ஒன்று "ங்ங்" என்று அரை விநாடி தொங்கி மறையும். அந்த இடத்தில் நின்றுவிடுங்கள். முழு ஊளை வரும்வரை போக வேண்டியதில்லை. தொங்கும் அந்த ஒலி எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்று கேளுங்கள். தடித்த "ஊ" என்றால் 250-இலிருந்து 400 ஹெர்ட்ஸ் பக்கம். மூக்கால் பேசுவதுபோல் இருந்தால் 800-இலிருந்து 1,200. விசில் என்றால் 2,000-க்கு மேல், காதைக் குத்தும் கீச்சு என்றால் 4,000-இலிருந்து 6,000. காது பழகும்வரை ஃபோனில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஆப் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டால் அந்த ஒலி ஒரு முள்ளாக எழுந்து நிற்பது தெரியும்.

அந்த ஃப்ரீக்வென்சியை 3 டெசிபல் குறையுங்கள். மீண்டும் ஏற்றுங்கள், அடுத்தது தொங்கும், அதையும் குறையுங்கள். மூன்று அல்லது நான்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் வெட்டினால் குரலின் உடம்பே போய்விடும், பாடகி கேட்கவில்லை என்பார், மீண்டும் ஏற்றுவீர்கள், வெட்டிய பலன் வீணாகும். முடித்தபின் ஆக்ஸை அந்த விளிம்பிலிருந்து 6 டெசிபல் இறக்கி வையுங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கத்தாதபோதும் குரல் ஒரு பாத்திரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். இதை எதைக் கொண்டு செய்வது என்பதும் முக்கியம். சிறந்தது ஆக்ஸ் அவுட்டுக்கும் மானிட்டருக்கும் நடுவே 31 பட்டை கிராஃபிக் ஈக்யூ. மிக்சரிலேயே 7 அல்லது 9 பட்டை இருந்து, அதை மெயினிலிருந்து மானிட்டர் பக்கம் மாற்றும் சுவிட்சும் இருந்தால் அது இரண்டாம் பட்சம். ஒவ்வொரு பட்டையும் அகலம் என்பதால் வெட்டும்போது அக்கம்பக்கமும் சேர்ந்து போகும். சேனலில் உள்ள மிட் குமிழால் செய்வது கடைசி வழி, ஏனென்றால் அது அரங்கத்துக் குரலையும் சேர்த்து வெட்டும். தானாகக் கண்டுபிடித்து வெட்டும் ஃபீட்பேக் கருவிகளைக் காவலுக்கு வைக்கலாம், வைத்தியத்துக்கு அல்ல. நீண்டு நிற்கும் கீபோர்டு சுரத்தையே ஃபீட்பேக் என்று எண்ணி அவை வெட்டுவது உண்டு.

உங்கள் அறையில் எந்த ஃப்ரீக்வென்சி கத்தும் என்பதை எழுத்தில் யாராலும் சொல்ல முடியாது. "63-ஐயும் 250-ஐயும் 2.5கே-யையும் குறையுங்கள்" என்று பொதுவாகக் கொடுக்கப்படும் பட்டியல்களை நம்பாதீர்கள். மைக்கை ஒரு அடி நகர்த்தினாலே அந்தப் பட்டியல் மாறிவிடும். ஆட்கள் நிறைந்தால் மேல் ஸ்தாயி ஒலியை அவர்கள் உறிஞ்சிக்கொள்வார்கள் என்பது உறுதி. அதனால் மேடைக்குள் எவ்வளவு மாறும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். அந்த 6 டெசிபல் இடைவெளி இதற்கும்தான்.

மானிட்டரில் என்ன போட வேண்டும்? மேடையில் நேரடியாகக் கேட்காததை மட்டும். பாடகிக்குத் தன் குரல் முதலில், பிறகு சுருதி பிடிக்கக் கீபோர்டு கொஞ்சம், அடுத்தவர் குரல் இன்னும் கொஞ்சம். கிக், பேஸ், கிட்டார் வேண்டாம். ரிவர்ப் அறவே வேண்டாம். எஃப்எக்ஸ் டு ஆக்ஸ் அல்லது எஃப்எக்ஸ் டு மானிட்டர் என்று ஒரு குமிழ் இருந்தால் அது மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பலர் அதைத் தெரியாமல் திறந்து வைத்துவிட்டு ஃபீட்பேக்கை வேறெங்கோ தேடுவார்கள். "என் குரல் இன்னும் வேண்டும்" என்று கேட்டால், உடனே அதைக் கூட்டாமல் அதே மானிட்டரில் மற்றதைக் குறைத்துப் பாருங்கள். பாதி நேரம் அதுவே போதும்.

இதையும் மீறிக் கேட்கவில்லை என்றால் பிரச்சினை மேடைச் சத்தம். ட்ரம்ஸ் அருகில் 100 டெசிபலைத் தாராளமாகத் தாண்டும். அதைக் கேட்டு கிட்டார் ஏறும், கிட்டாரைக் கேட்டு பேஸ் ஏறும், கடைசியில் தோற்பது குரல். கிட்டார் ஆம்பைத் தரையில் முதுகுக்குப் பின்னால் வைப்பதால், வாசிப்பவருக்குத் தன் காலில் மட்டும் சத்தம் படுகிறது, காதில் படவில்லை. அதை ஒரு நாற்காலி உயரத்துக்குத் தூக்கிச் சாய்த்து அவர் காதை நோக்கித் திருப்புங்கள், அவராகவே வால்யூமைக் குறைப்பார். ட்ரம்மரைக் குறைத்து வாசிக்கச் சொல்வது கடினம், தெரியும். குரல் மைக்குகளின் முன்பக்கம் நேராக ட்ரம்ஸைப் பார்க்காதபடியாவது நிறுத்துங்கள். இல்லாவிட்டால் குரலைக் கூட்டும்போது சிம்பலும் சேர்ந்து கூடும்.

ஹம் வந்தால் ஒரு வரி: மிக்சர், ஸ்பீக்கர், ஆம்ப், கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒரே மின் இணைப்பிலிருந்து மின்சாரம் கொடுத்து, டிஐ பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட்டைப் போட்டுப் பாருங்கள். பவர் பிளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் கழற்றவோ மறைக்கவோ கூடாது. கையில் கிட்டாரும் உதட்டில் மைக்கும் இருப்பவருக்கு அது உயிர் ஆபத்து. போடும்போது மிக்சர் முதலில், ஸ்பீக்கர்கள் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர்கள் முதலில்.

தரை மானிட்டரை விட்டு இன் இயருக்கு, அதாவது காதுக்குள் செருகும் மானிட்டருக்கு, போனால் ஃபீட்பேக் என்ற பிரச்சினையே இல்லாமல் போகும், மேடையும் அமைதியாகும். ஆக்ஸ் 1-ஐ ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்து வயரிலேயே தொடங்கலாம். ஒரு பொறி இருக்கிறது: ஆக்ஸ் அவுட் பாலன்ஸ்டு மோனோ, அதை டிஆர்எஸ் கேபிளில் ஸ்டீரியோ உள்ளீடு உள்ள ஹெட்ஃபோன் ஆம்புக்குக் கொடுத்தால் ஒரு காதுக்கு ஒலி தலைகீழாகப் போகும். குரல் நடுவில் நிற்காமல் தலைக்கு இரண்டு பக்கமும் பிய்ந்து தொங்குவதுபோல் கேட்கும். அந்தச் சமயம் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டாமல், ஆம்பில் மோனோ சுவிட்ச் இருக்கிறதா, கேபிள் சரிதானா என்று பாருங்கள். லிமிட்டர் (சத்தம் ஒரு வரம்பைத் தாண்டாமல் தடுக்கும் வசதி) இல்லாத ஆம்பை வாங்கவே வேண்டாம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் வரம்பு, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். கீழே விழுந்த மைக் ஒன்றின் சத்தம் நேராகச் செவிப்பறையில் போய் மோதக் கூடாது.

மிக்சரை மாற்றுவது எப்போது நியாயம்? பேண்டில் மூன்று பேருக்கு மேல் தனித்தனிக் கலவை கேட்கத் தொடங்கும்போது, அல்லது மானிட்டருக்கென்று தனி ஈக்யூ வேண்டும்போது. அப்போதும் பார்க்க வேண்டியது சேனல் எண்ணிக்கையை அல்ல, ப்ரீ ஃபேடராக மாற்றக்கூடிய ஆக்ஸ் எத்தனை என்பதை. பெரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்ற டேப்லெட் மிக்சரில் 16 மைக் ப்ரீஆம்ப், 6 ஆக்ஸ்; ஒவ்வொரு ஆக்ஸிலும் 31 பட்டை ஈக்யூ உள்ளேயே இருக்கிறது, ப்ரீயா போஸ்ட்டா என்பதைச் சேனல்தோறும் தேர்ந்தெடுக்கலாம். அதே வரிசையில் எக்ஸ்ஆர்12 என்று இருப்பதில் மைக் ப்ரீஆம்ப் 4, ஆக்ஸ் 2. உங்களிடம் இருப்பதைவிட அவுட்புட் ஒன்றுகூட அதிகமில்லை. டேப்லெட் மிக்சருக்குப் போனால் பெட்டிக்குள் இருக்கும் வைஃபையை நம்பி மேடை ஏறாதீர்கள். கூட்டத்தில் எல்லோர் கையிலும் ஃபோன் இருக்கும்போது அது அறுந்துபோகும். தனியாக ஒரு ரவுட்டர், முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸில், அத்துடன் ஒரு நீண்ட நெட்வொர்க் கேபிளும் பையில் இருக்கட்டும்.

அடுத்த ரிகர்சலில் முதலில் ஃபேடர் சோதனை, பிறகு இரண்டு மானிட்டரையும் ஆக்ஸ் 1-க்கு மாற்றுவது, பிறகு மைக் கோணம். இந்த மூன்றை மட்டும் செய்துவிட்டு, மைக்குகளின் மாடலையும், சொல்லின் வால் தொங்கும்போது ஆப்பில் எந்த எண்ணில் முள் எழுகிறது என்பதையும் இங்கே எழுதுங்கள். எங்கே வெட்டலாம் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.